மீந்த படப்பிடிப்புக் காட்சிகளை ஸ்டாக் வீடியோ ஏஜென்சிகளில் விற்பது எப்படி?

முக்காலி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆவணப்படங்களுக்கும் நிறுவனங்களின் அறிமுகப் படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்வது என் தொழில். ஒவ்வொரு வேலையும் முடிந்த பிறகு, படத்தில் இடம்பெறாத காட்சிகள் ஹார்ட் டிஸ்க்குகளில் தேங்கிவிடுகின்றன: மழையில் நனையும் சாலை, தொழிற்கூடத்தில் கடைசல் இயந்திரத்தை இயக்கும் கைகள், மருத்துவமனை நடைகூடம், விமான நிலையத்தில் காத்திருக்கும் பயணிகள் என்று வகைக்குக் குறைவில்லை. இவற்றை இணைய ஏஜென்சிகள் வழியாக உரிமம் கொடுத்து விற்கலாம் என்று அறிந்து, ஒரு ஏஜென்சிக்கு ஒரு தொகுதியை அனுப்பிப் பார்த்தேன். ஏறத்தாழ பாதி திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரியில்தான் காரணம் சொல்லியிருந்தார்கள்: அறிவுசார் சொத்துரிமை, மாடல் ரிலீஸ் (காட்சியில் இருப்பவரின் எழுத்துப்பூர்வ இசைவு) இல்லை, ஒளி மினுக்கம், ஒத்த காட்சிகள் மிகுதி. ஏற்றுக்கொண்ட கிளிப்புகளோ இதுவரை விற்றபாடில்லை.

காட்சிகளின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. அவற்றில் பல, படத்தில் சேர்க்கப்பட்டவற்றைவிட அழகானவை. ஆனால் இந்தச் சந்தையில் எது தகுதியாகக் கருதப்படுகிறது என்பதுதான் புரியவில்லை. ஒரே ஏஜென்சிக்குத் தனியுரிமையாகக் கொடுப்பது நல்லதா, பல இடங்களில் பரப்புவது நல்லதா? வாடிக்கையாளரின் வேலைக்காகப் படமெடுத்தபோது கிடைத்த காட்சிகளை நான் விற்கலாமா? டேப்பில் பதிவான பழைய எச்டிவி (HDV) காட்சிகளுக்கு இனி மதிப்பு உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெட்டுமேசை

நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவன். விளம்பரங்களையும் பயிற்சிப் படங்களையும் தொகுக்கிறேன். வாரந்தோறும் ஏஜென்சித் தளங்களில் தேடுவது என் வேலையின் ஒரு பகுதி. ஆகவே உங்கள் கிளிப்புகள் ஏன் விற்கவில்லை என்பதற்கு மட்டும் என் கோணத்திலிருந்து விடை சொல்கிறேன்.

அழகான காட்சியைத் தேடி யாரும் ஏஜென்சித் தளத்துக்கு வருவதில்லை. தொகுப்பாளரின் டைம்லைனில் 4 நொடி அளவுக்கு ஒரு துளை இருக்கும். பின்னணிக் குரல் அங்கே ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சொற்களுக்குப் பொருந்துகிற, முன்பின் காட்சிகளோடு இடிக்காத ஒன்றை அவர் தேடுவார். அவர் பார்ப்பதும் ஒரு பக்கம் நிறைய அடுக்கப்பட்ட சிறு படங்களைத்தான். அந்தச் சிறிய படச்சட்டத்திலேயே 'இது முதியவர் ஒருவர் மருந்துச்சீட்டைப் படிக்கும் காட்சி' என்று புரியாவிட்டால் அவர் சொடுக்குவதில்லை. நீங்கள் சொன்ன கடைசல் இயந்திரக் கைகள் எனக்குப் பயன்படும்; மழை நனைக்கும் சாலை அநேகமாகப் பயன்படாது, ஏனென்றால் அதைப் போன்றவை ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கின்றன. ஒரு தொழிலின் உள்ளே நுழைய அனுமதி பெற்றவர்களால் மட்டுமே எடுக்க முடிந்த காட்சிகள்தாம் அரிது. ஆவணப்பட ஒளிப்பதிவாளருக்கு அந்த அனுமதி எளிதில் கிடைக்கிறது. உங்கள் உண்மையான மூலதனம் அதுவே.

வெட்டும் முறையைப் பற்றியும் ஒரு சொல். கேமரா நகரும் காட்சி என்றால் நகர்வு தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் ஓரிரு நொடி அசையாமல் நிற்கும் பகுதியை விட்டுவையுங்கள். எங்களுக்கு வெட்ட இடம் வேண்டும். கிளிப்புக்குள் டிசால்வ், எழுத்து, இசை, ஸ்டுடியோ முத்திரை எதுவும் கூடாது. ஒரே செயலைத் தூரக்காட்சி, நடுத்தரக்காட்சி, அண்மைக்காட்சி என்று மூன்றாகக் கொடுத்தால், ஒன்றை வாங்க வந்தவர் மூன்றையும் வாங்கக்கூடும். ஆனால் ஒரே கோணத்தில் எடுத்த ஐந்து டேக்குகளை அனுப்பினால் அது 'ஒத்த காட்சிகள்' என்ற பெயரில் திரும்பத்தான் செய்யும். எது தொடர்ச்சி, எது திரும்பச் செய்தல் என்ற வேறுபாட்டைப் பரிசோதகர்கள் நன்றாகவே அறிவார்கள். இன்னொன்று: படச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் எழுத்துப் பொருத்த வெற்றிடம் விட்டிருக்கும் காட்சிகளை நாங்கள் தேடித்தேடி வாங்குகிறோம். படம்பிடிக்கும்போது அது குறையாகத் தோன்றலாம்.

குறிச்சொற்களைப் பொறுத்தவரை, அவற்றை அலட்சியமாக எழுதியவரின் கிளிப் என் கண்ணுக்கு எட்டுவதே இல்லை. அடோபி ஸ்டாக் ஏஜென்சி அதிகபட்சம் 49 குறிச்சொற்களை ஏற்கிறது. அவற்றுள் முதல் 10 சொற்களுக்கே தேடலில் கூடுதல் எடை என்று அந்நிறுவனமே தன் பங்களிப்பாளர்களுக்குச் சொல்கிறது. எனவே முதல் பத்தில் படச்சட்டத்துக்குள் கண்ணால் காணக்கூடியவற்றை வையுங்கள்: யார், என்ன செய்கிறார், எங்கே, எந்தப் பொழுதில். 'நம்பிக்கை', 'வெற்றி', 'எதிர்காலம்' போன்ற கருத்துச் சொற்கள் பின்னால் வரட்டும். எண்ணிக்கையை நிரப்புவதற்காகப் பொருந்தாத சொற்களைச் சேர்ப்பதால், தேடி வந்தவர் உங்கள் கிளிப்பைக் கண்டும் காணாமல் கடந்து போவார். அந்தப் புறக்கணிப்பையும் தேடுபொறி கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றே நான் கருதுகிறேன்.

உரிமப்பத்திரம்

கேள்வியில் இருக்கும் மிகப் பெரிய சிக்கல் நடுவே ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது: வாடிக்கையாளருக்காக எடுத்த காட்சிகள். விற்பனை, விலை, குறிச்சொல் எல்லாவற்றுக்கும் முன்பு இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்சியில் கணக்குத் தொடங்கும்போது நீங்கள் ஏற்கும் ஒப்பந்தத்தில், இந்தக் காட்சியின் பதிப்புரிமை முழுவதும் என்னுடையது, அல்லது இதற்கு உரிமம் வழங்கும் அதிகாரம் எனக்கு உண்டு என்று உறுதியளிக்கிறீர்கள். பின்னாளில் யாராவது வழக்குத் தொடுத்தால் அந்த உறுதிமொழிதான் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். ஊழியராக இருந்து எடுத்தவை பொதுவாக முதலாளிக்கே உரியவை. தனித்தொழிலராக எடுத்தவற்றில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்கச் சட்டத்தில், வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்த ஒளிப்பதிவு வேலை, வேலை கொடுத்தவரின் சொத்தாக வேண்டுமானால் அதற்கு எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட உடன்பாடு தேவை. வேறு சில நாடுகளில், பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்பதுதான் தொடக்க நிலை, மாறாக எழுதிக்கொண்டால் மட்டுமே அது மாறும். எனவே உங்கள் பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் படியுங்கள். பயன்படுத்தாத காட்சிகளைப் பற்றி அவற்றில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால் வாடிக்கையாளரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் இசைவு பெறுங்கள். இனி எழுதும் ஒப்பந்தங்களில், இறுதிப் படத்தில் இடம்பெறாத, நிறுவனத்தின் அடையாளம் தெரியாத காட்சிகளின் உரிமை ஒளிப்பதிவாளருக்கே என்று ஒரு விதியைச் சேர்த்துவிடலாம். பலரும் மறுப்பின்றி ஒப்புக்கொள்கிறார்கள். காட்சியின் உரிமை உங்களுடையதே ஆனாலும், தொழிற்கூடத்துக்குள் நுழையும்போது கையெழுத்திட்ட இரகசியக் காப்பு உடன்பாடு அதை வெளியிடுவதைத் தடுக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

அடுத்தது மாடல் ரிலீஸ். முகம் தெரியாவிட்டால் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அளவுகோல் முகம் அல்ல. அந்த நபரோ அவரை அறிந்தவர்களோ காட்சியைப் பார்த்து அடையாளம் காண முடியுமா என்பதே. பின்புறத்தோற்றமும், பக்கவாட்டு நிழலுருவமும், கையில் உள்ள பச்சைகுத்தும்கூட அடையாளமாகலாம். பச்சைகுத்து வடிவத்துக்குத் தனியே பதிப்புரிமை இருக்கலாம் என்பதால் அதை வரைந்தவரின் இசைவையும் சில ஏஜென்சிகள் கேட்கின்றன. படிவத்தில் படமெடுத்த நாள், இருவர் கையெழுத்து, சாட்சி ஆகியவை சரியாக இருக்க வேண்டும். சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும்.

கட்டடங்களும் பொருள்களும் வேறு கதை. ஈபிள் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். குஸ்தாவ் ஈபிள் 1923-இல் மறைந்ததால் கோபுரத்தின் வடிவத்துக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. பகலில் எடுத்த காட்சியைத் தாராளமாக விற்கலாம். ஆனால் 1985-இல் அமைக்கப்பட்ட இரவு ஒளியலங்காரத்தைத் தனிப் படைப்பாகக் கருதி, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற வேண்டும் என்று கோபுரத்தை நிருவகிக்கும் நிறுவனம் வலியுறுத்துகிறது. ஒரே பொருள், ஒரே கேமரா. மாலை மயங்கியதும் உரிமநிலை மாறிவிடுகிறது. இதுபோன்றவற்றுக்குப் பெரிய ஏஜென்சிகள் தடைப்பட்டியல்களையே வெளியிட்டிருக்கின்றன. வெளியூரில் படமெடுக்கப் புறப்படும் முன் அவற்றைப் பார்ப்பது நன்று. உங்கள் கிளிப்புக்கு வந்த 'அறிவுசார் சொத்துரிமை' என்ற ஒற்றை வரி, பெரும்பாலும் இயந்திரத்தின் மேல் இருக்கும் உற்பத்தியாளர் பெயரையோ, சுவரில் தொங்கும் ஓவியத்தையோ, மடிக்கணினியின் பின்புற முத்திரையையோ குறிக்கும். வணிகச் சின்னங்களை மங்கலாக்கி அனுப்புவதைவிட, ஃபிரேம் ஃபிரேமாக டிராக் செய்து சுத்தமாக நீக்கிவிடுவது மேல். பூசி மறைத்த தடம் தெரியும் கிளிப்பை யாரும் வாங்குவதில்லை.

இவை எதுவும் இயலாதபோது எடிட்டோரியல் என்ற வழி இருக்கிறது. செய்தி, கல்வி, ஆவணப்படம் ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு அது விற்கப்படும். விளக்கக் குறிப்பில் இடம், நாடு, நாள், நிகழ்வு ஆகியவற்றைச் சரியாக எழுத வேண்டும். காட்சியில் எதையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது. வாங்குவோர் குறைவு என்றாலும், உங்கள் விமான நிலையக் கூட்டத்துக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. அதற்கும்கூட, நிலையத்துக்குள் படமெடுக்கத் தந்த அனுமதி மறுவிற்பனையைத் தடுக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

அலைக்கோடு

தொழில்நுட்பக் காரணங்களைப் பற்றி மட்டும்.

ஒளி மினுக்கம்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 120 முறை. ஷட்டரை முறையே 1/50 அல்லது 1/100, 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. உங்கள் மருத்துவமனை நடைகூடம் இதில்தான் மாட்டியிருக்க வேண்டும். எடுத்து முடித்தவற்றை மினுக்கம் நீக்கும் டிஃப்ளிக்கர் செருகுநிரல்களால் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் படச்சட்டத்தில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் உருண்டால் விட்டுவிடுங்கள், அது விளக்கின் துடிப்போடு ஷட்டர் ஒத்துப்போகாததன் விளைவு, அறையில் வேறுவேறு விளக்குகள் கலந்திருந்தால் முழுமையாகப் போகாது.

லாக் முறையில் (பின்னர் நிறம் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதியும் முறை) எடுத்ததை அப்படியே அனுப்பக் கூடாது. எச்டி திரைகளுக்கான வழக்கமான ரெக். 709 நிறவெளிக்கு மாற்றி, மிதமாக கிரேடிங் (நிறத்திருத்தம்) செய்து அனுப்புங்கள். அடர்ந்த 'சினிமா' நிறம் பூசினால் தொகுப்பாளரால் அதைத் தன் படத்தோடு பொருத்த முடியாது. எச்டி காட்சியை 4கே அளவுக்குப் பெருக்கி அனுப்புவதும், 25 ஃபிரேம் காட்சியை 30 ஆக மாற்றி அனுப்புவதும் வேண்டாம், பரிசோதகர் கண்டுபிடித்துவிடுவார்.

கோப்பின் அளவு இன்னொரு தடை. பொதுவாக 5 முதல் 60 நொடிவரை நீளமும் ஏறத்தாழ 4 ஜிபி வரை அளவும் ஏற்கப்படும். அடோபியில் உச்சவரம்பு 3.9 ஜிபி. புரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தரக் கோப்பு வடிவில் 3840×2160 காட்சி, 24 ஃபிரேம் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 88 எம்பி பிடிக்கும். அதாவது 44 நொடியிலேயே வரம்பு நிறைந்துவிடும். பயன்படும் காட்சி பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் நீள்வது அரிது என்பதால் இது உண்மையான சிக்கலே அல்ல. 8-பிட் கேமராவில் எடுத்ததை எச்க்யூ வடிவுக்கு ஏற்றுவதால் தரம் கூடிவிடாது என்பதை நினைவில் வைத்தால் இடமும் மிச்சம்.

எச்டிவி டேப்புகள்: அவை 1440×1080 அளவில், சதுரமல்லாத பிக்சல்களோடு, பெரும்பாலும் இன்டர்லேஸ் முறையில் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி) பதிவானவை. இன்டர்லேஸை நீக்கி, 1920×1080 ஆகச் சரியான விகிதத்தில் விரித்தால்தான் எந்தத் தளமும் பார்க்கவே செய்யும். இன்று அன்றாடக் காட்சியாக அவற்றுக்கு மதிப்பில்லை. இன்று இல்லாத ஒன்று அதில் இருந்தால், அதாவது இடிக்கப்பட்ட கட்டடமோ, மறைந்துபோன தொழிலோ, திறன்பேசி இல்லாத கைகளோடு நிற்கும் கூட்டமோ இருந்தால், ஆவணக்காட்சி என்ற பிரிவில் எடிட்டோரியலாகக் கொடுத்துப் பாருங்கள். டேப்பை முதலில் கணினிக்கு மாற்றிவிடுங்கள், ஓடவைக்கும் கருவிகள்தாம் வேகமாக அருகி வருகின்றன.

முக்காலி

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனை நடைகூடத்தில் கலப்பு விளக்குகள் இருந்தது உண்மை. ஒப்பந்தங்களைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தனியுரிமை, வருவாய், வரி ஆகியவை பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? அத்துடன், இயந்திரக் கற்றலுக்கு நம் காட்சிகள் பயன்படுத்தப்படுகின்றன என்ற பேச்சும் கேட்கிறது.

கணக்கேடு

பங்கு விகிதத்திலிருந்து தொடங்குகிறேன். வீடியோ விற்பனையில் அடோபி ஸ்டாக் பங்களிப்பாளருக்கு 35 விழுக்காடு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் ஆறு படிநிலைகளைக் கொண்ட முறைக்கு மாறியது: 15 விழுக்காட்டில் தொடங்கி 40 வரை ஏறலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1-ஆம் நாள் எல்லாரும் அடிப்படியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். ஐஸ்டாக் தளத்தில் தனியுரிமை தராதவர்களுக்கு வீடியோவில் 20 விழுக்காடு. கணக்குக்காக ஒரு கிளிப் 60 டாலருக்கு விற்றதாகக் கொண்டால், முதல் தளத்தில் 21 டாலரும், இரண்டாவதன் அடிப்படியில் 9 டாலரும், மூன்றாவதில் 12 டாலரும் கிடைக்கும். நடைமுறையில் பல விற்பனைகள் சந்தா வழியாக நடப்பதால் தொகை இதைவிட மிகவும் குறைவாகவே வரும். சிறிய தொகுப்பை வைத்திருப்பவருக்கு ஜனவரிதோறும் அடிப்படிக்கு இறங்கும் ஏற்பாடு பாதகமானது. அவர் மேற்படிகளை எட்டும்போது ஆண்டே முடிந்திருக்கும்.

தனியுரிமை கொடுத்தால் விகிதம் உயரும் என்பது உண்மை. ஆனால் பல இடங்களில் அது ஒரு கிளிப்புக்கு மட்டுமன்று, அந்த ஊடகத்தில் நீங்கள் விற்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்; வேறெங்கும் அதே வகை உரிமத்தில் வீடியோ விற்க முடியாது, விலகவும் முன்னறிவிப்புக் காலம் உண்டு. நான் தயங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. கெட்டி இமேஜஸ் நிறுவனம் 2006-இல் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அடோபி ஃபோட்டோலியா என்ற ஏஜென்சியை ஏறத்தாழ 80 கோடி டாலருக்கு வாங்கி 2015-இல் அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது. ஷட்டர்ஸ்டாக் 2022-இல் பாண்ட்5 என்ற ஏஜென்சியை 21 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக அறிவித்தன. கையெழுத்திடும்போது இருந்த விகிதமும் நிருவாகமும் சில ஆண்டுகளில் வேறாகிவிடும் ஒரு துறையில், ஒரே இடத்தில் முழுவதையும் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. தொடக்கத்தில் இரண்டு மூன்று ஏஜென்சிகள் போதும். குறிச்சொற்களைக் கோப்புக்கு ஒன்றாக ஒரு சிஎஸ்வி அட்டவணையில் வைத்துக்கொண்டால் அடுத்த தளத்துக்கு ஏற்றுவது சிறு வேலைதான்.

வரி: பெரிய ஏஜென்சிகள் பல அமெரிக்காவில் இருப்பதால், அந்நாட்டில் நிகழும் விற்பனைக்கான ராயல்டியில் 30 விழுக்காடு பிடித்தம் செய்வார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருந்தால் அது குறையும், சில நாட்டவருக்கு முற்றிலும் நீங்கும். அதற்கு டபிள்யூ-8பென் (W-8BEN) என்ற அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின்வரும் மூன்றாவது ஆண்டின் இறுதிவரை அது செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பிடித்த தொகையைக் காட்டும் ஆண்டறிக்கையைச் சேமித்துவையுங்கள். சொந்த நாட்டில் கணக்குத் தாக்கல் செய்யும்போது தேவைப்படும்.

இயந்திரக் கற்றல் வெறும் பேச்சன்று. அடோபி 2023 மார்ச்சில் வெளியிட்ட, படங்களை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஃபயர்ஃபிளை, அடோபி ஸ்டாக்கில் உள்ள படங்களைக் கொண்டும் பயிற்றப்பட்டது. அதற்காகப் பங்களிப்பாளர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். ஷட்டர்ஸ்டாக் கணக்கின் அமைப்புகளில் இத்தகைய பயன்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கணக்குத் தொடங்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்து முடிவெடுங்கள்.

வெட்டுமேசை

கணக்கேடு சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. பல தளங்களில் பரப்புவதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு கிளிப் பிடித்துவிட்டால், அதன் சிறு படத்தை வைத்து வேறெங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று தயாரிப்பு அலுவலகங்கள் தேடுகின்றன. குறைந்த விலைத் தளத்தில்தான் இறுதியில் வாங்குகின்றன. ஆகவே எடுக்க அரிதான காட்சிகளைச் சந்தா நிறுவனங்களுக்குக் கொடுக்காமல், கிளிப்புக்கு நல்ல விலை கிடைக்கும் இடத்தில் மட்டும் வைப்பதே அறிவு. பொதுவான வானமும் கடலும் எங்கும் கிடக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். முத்திரை பதித்த மாதிரிக் கோப்பை இறக்கி டைம்லைனில் வைத்து, வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த பிறகே நாங்கள் உரிமம் வாங்குகிறோம்; இடையில் வாரங்கள் கழியும். விற்கவில்லையே என்று நீங்கள் அவசரப்பட்டுக் கிளிப்பை நீக்கிவிட்டால், உங்களுக்குத் தெரியாமலே உறுதியாகவிருந்த ஒரு விற்பனை கைநழுவும்.

முக்காலி

தெளிவாக விளங்கியது. இறுதியாக ஒன்று: தொழிற்கூடக் காட்சியில் இருந்த தொழிலாளர் இப்போது அங்கே இல்லை, கைகள் மட்டுமே தெரிகின்றன. அதை என்ன செய்யலாம்?

உரிமப்பத்திரம்

கைகளில் தழும்பு, பச்சைகுத்து, தனித்த அணிகலன் எதுவும் இல்லாமலும், சீருடையில் நிறுவனத்தின் பெயர் தெரியாமலும் இருந்தால் பெரும்பாலான ஏஜென்சிகள் ரிலீஸ் இல்லாமலே ஏற்கும். மோதிரமோ வேறு அடையாளமோ தெரியும் நொடிகளை வெட்டிவிட்டு மீதியை அனுப்புங்கள். தொழிற்கூட உரிமையாளரிடம் பிராப்பர்ட்டி ரிலீஸ் (இடத்துக்கான எழுத்துப்பூர்வ இசைவு) மட்டும் வாங்கிவிடுங்கள். உள்ளே எடுத்த காட்சி என்பதால் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.